வழிகாட்டி கேட்ட இனாம்

நம் வயதுக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து ஓட்டலுக்குப் போனால் கடைசி ஐந்து நிமிடம் எப்போதும் ஒரே மாதிரிதான் கழிகிறது. பில் வருகிறது. யாராவது ஒருவர் செல்போனைக் காட்டிப் பணத்தைக் கட்டிவிடுகிறார். அதன் பிறகு எல்லோரும் சட்டைப்பையையும் கைப்பையையும் துழாவுகிறோம். சர்வருக்கு வைக்கச் சில்லறை இல்லை. நோட்டும் இல்லை. பணம் வைத்துக்கொள்கிற பழக்கமே போய்விட்டது.

போன மாதம் ஆர்.எஸ்.புரத்தில் இதே கதை. கூட வந்தவர்களில் ஒருவர், "போன்லயே சேர்த்துப் போட்டு உட்டர்லாமே" என்றார். இன்னொருவர், "அது மொதலாளிக்குப் போயிரும், பையனுக்குப் போகாது" என்றார். பக்கத்தில் நின்ற சர்வர், "அதெல்லாம் எதுக்குங்க, நீங்க திருப்தியாச் சாப்பிட்டதே போதுமுங்க" என்றார். சொன்னாரே தவிர நகரவில்லை. நாங்களும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவரே தன் செல்போனில் ஒரு கட்டம் போட்ட படத்தை எடுத்து, எங்களைப் பார்க்காமல், மேசை விளிம்பில் வைத்தார். பணம் போனதும் போன் ஒரு சத்தம் கொடுத்தது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் நான்கு பேருக்கும் கூச்சமாகிவிட்டது.

அந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். என்னைப் பொறுத்தவரை அது அப்பாவிடமிருந்து வந்தது. அப்பாவுக்குப் பீளமேட்டில் பம்ப்செட் பட்டறை இருந்தது. டிப்ஸ் என்ற சொல் அப்போது எங்கள் வீட்டில் கிடையாது, இனாம் என்பார். இனாம் கொடுப்பதற்கு அவர் சில முறைகள் வைத்திருந்தார். எண்ணிக் கொடுக்கக் கூடாது. நான்கு பேர் பார்க்கக் கொடுக்கக் கூடாது. கொடுத்த பிறகு சலாமுக்காக நிற்கக் கூடாது. டவுன்ஹால் பக்கத்து டிபன் கடையில் காசைத் தட்டின் அடியில் செருகி வைப்பார். தட்டை எடுக்கும்போது சர்வருக்கு மட்டும் தெரிந்தால் போதும். முடிவெட்ட வீட்டுக்கு வருகிறவருக்கு என்றால், காசை அவருடைய பெட்டிக்குள் போட்டு மூடியே விடுவார். சட்டைப்பைக்குள் மடித்த நோட்டுகள் எப்போதும் இருக்கும். விரல் எதைத் தொடுகிறதோ அது வெளியே வரும். அப்பா கஞ்சத்தனம் செய்தார் என்று கோவையில் ஒருவரும் சொன்னதில்லை.

இன்னொரு முறையும் இருந்தது. வாய் திறந்து கேட்கிறவருக்குக் கொடுக்க மாட்டார்.

நான் சொல்ல வந்தது ஒரு கோடை விடுமுறையைப் பற்றி. செய்தித்தாளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எதையும் யார், எங்கே, எப்போது என்று அடுக்கித்தான் பழக்கம். இதில் 'எப்போது' மட்டும் துல்லியமாக வரவில்லை. ஐந்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்திருந்தது. அம்மா இரண்டாவது பிரசவத்துக்கு வெள்ளகோவிலில் தன் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். வேட்டைக்கு அரசாங்கம் லைசென்ஸ் கொடுத்துக்கொண்டிருந்த கடைசி வருடங்களில் அது ஒன்று.

வடக்கே இருந்து ஒரு ஏஜென்ட் வந்திருந்தார். அவர் மனது வைத்தால் அப்பாவின் பம்ப்செட்டுகள் ஒரு மாநிலம் முழுக்க விற்கும். சிவந்த, குண்டான, எப்போதும் வியர்த்துக்கொண்டிருந்த மனிதர். தமிழ் தெரியாது. அப்பாவோடு இங்கிலீஷில் பேசுவார். ஒரு மானாவது சுட்டுவிட்டுத்தான் ஊருக்குப் போவது என்று அவருக்கு ஆசை. அப்பாவிடம் லைசென்ஸும் இரட்டைக் குழல் துப்பாக்கியும் இருந்தன. பொள்ளாச்சிக்குத் தெற்கே, மலையடிவாரத்தில், தெரிந்தவர் ஒருவரின் மாந்தோப்பில் வீடு ஒன்று காலியாக இருந்தது. ஜீப்பில் மூட்டைகளை ஏற்றினார்கள்.

சமையலுக்குக் கோட்டைமேட்டிலிருந்து ஒருவரை அப்பா கூட்டிக்கொண்டார். ஒல்லியான, வெற்றிலை போட்ட, கண்ணாலேயே சிரிக்கிற மனிதர். ஜீப்பின் பின்பக்கம் என்னைப் பார்த்ததும், "பாப்பாவையுமா மொதலாளி?" என்று கேட்டார்.

"ஊட்ல ஒத்தையா உட்டுட்டு வரச் சொல்றீங்களா?" என்றார் அப்பா.

"அதுக்குச் சொல்லலீங்க. மானு கெடைக்கலீன்னா பாப்பாவுக்கு என்னத்தை ஆக்கிப் போடறதுன்னு ரோசனை."

"மான் கெடைக்கும். நீங்க மசாலாவை மறக்காம எடுத்தீங்களா?"

"மசாலா இருக்குதுங்க. மானு அங்க வந்து சேந்துச்சுன்னா சரி."

மாந்தோப்பு வீட்டு வாசலில் வழிகாட்டி நின்றுகொண்டிருந்தார். மலைக்காரர். நாற்பது வயது இருக்கலாம். பாதத்தின் வெளி ஓரங்களை மட்டும் ஊன்றி நிற்பார். நடக்கும்போது சருகு நொறுங்காது. எப்போதோ ஒரு எஸ்டேட் துரை கொடுத்த காக்கிச் சட்டை, அவருக்கு இரண்டு மடங்கு பெரியது. பொத்தான்கள் போய்விட்டதால் நாரைக் கோத்துக் கட்டியிருந்தார். தோளில் ஒரு முழ நீள மூங்கில் குழாய் தொங்கியது. அதில் தண்ணீர் இருக்கிறது என்று நினைத்தேன்.

முதல் நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. மதியம் பெரியவர்கள் தூங்கும்போது வழிகாட்டி என்னிடம் வந்து கொஞ்ச தூரத்தில் குந்தினார்.

"ஏனுங்க அம்மணி, நீங்க இங்கிலீசு படிக்கற பள்ளிக்கூடமாமா?"

"ஆமாங்க."

குழாயின் மூடியைத் திருகி, மெழுகுத் துணியில் சுருட்டி வைத்திருந்த காகிதங்களை எடுத்தார். ஏழெட்டு இருக்கும். அவர் வேட்டைக்குக் கூட்டிப்போன துரைகள் எழுதிக் கொடுத்தவை. அந்தக் காலத்தில் வேட்டை வழிகாட்டிகளுக்கும் பட்லர்களுக்கும் இனாமோடு இப்படி ஒரு எழுத்தும் கொடுப்பார்கள். அடுத்து வருகிறவர் அதைப் படித்துப் பார்த்து ஆளை வைத்துக்கொள்வார். பழைய காகிதத்தில் புகையிலையும் கற்பூரமும் கலந்த வாசனை வந்தது.

எல்லாவற்றிலும் பெரியதாக, மேலே சிவப்பு அச்சுப் போட்டிருந்த ஒன்றை முதலில் நீட்டினார். "இது பெரிய துரை எழுதுனதுங்க. என்னன்னு எழுதியிருக்காருங்க?"

அதில் இருந்தவை இரண்டே வரிகள். நம்பிக்கையான ஆள். பிராந்தியை மட்டும் பூட்டி வைக்கவும்.

"நம்பிக்கையான ஆள்னு எழுதியிருக்குதுங்க" என்றேன்.

"ரெண்டு வரி இருக்குதுங்களே?"

"ரொம்ப நம்பிக்கையான ஆள்னு."

அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்த சமையல்காரர் தலையைத் தூக்கினார். "பாப்பா முழிக்கற முழியைப் பார்த்தா, துரை வேற என்னமோ எழுதிப்போட்டுத்தான் போயிருக்காரு."

"சும்மா இருங்க பாய்" என்று வழிகாட்டி சிரித்தார். "உங்களுக்கு இப்படி ஒண்ணு எவனாச்சும் எழுதிக் குடுத்திருக்கானா?"

"எனக்கு எழுத்தெல்லாம் எதுக்குங்க? என்ற எழுத்து திங்கறவன் வயித்துல இருக்குது. நோட்டாக் குடுத்தாப் போதும்."

அந்த மூன்று நாளில் வழிகாட்டி கடுங்காப்பியைக்கூடப் பாதிக்கு மேல் குடித்து நான் பார்க்கவில்லை. பெரிய துரையின் பிராந்தியைக் குடித்தது யாரோ, தெரியாது.

காகிதங்களைச் சுருட்டும்போது அவர் விஷயத்தைச் சொன்னார். காட்டிலாகா ரேஞ்ச் ஆபீசில் வாட்சர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். மாதச் சம்பளம், காக்கி உடுப்பு, கம்பளி. இனிமேல் வேட்டையே இருக்காது, அதற்கு மூக்கணாங்கயிறு போடப் போகிறார்கள் என்று ஆபீசில் பேசிக்கொள்கிறார்கள். வேட்டை நின்றால் வழிகாட்டிக்கு வேலை இல்லை. இவர் குழாயோடு போய் நின்றிருக்கிறார். "எழுதுன துரைகளெல்லாம் சீமைக்குப் போயிட்டாங்க. இவங்களை எங்க தேடி நாங்க விசாரிக்கறது? லைசென்ஸ் வச்சிருக்கற இந்த ஊரு ஆளு ஒருத்தருகிட்ட எழுத்து வாங்கீட்டு வா, எடுத்துக்கறோம்னு சொன்னாங்க அம்மணி. அடுத்த வாரம் கடைசி. அப்பாகிட்டக் கேக்கலாம்னு இருக்கறன்."

"அப்பா தருவாருங்க" என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. கேட்கிறவருக்குக் கொடுக்கக் கூடாது என்ற முறை காசுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

இரண்டாம் நாளும் மான் கிடைக்கவில்லை. ஒரு காட்டுக்கோழி கிடைத்தது. சமையல்காரர் அதை ஏழு பேருக்குக் குழம்பாக்கினார், நாங்கள் ஐந்து பேர்தான் இருந்தோம். ஏஜென்ட் மூன்று தடவை குழம்பு வாங்கிக்கொண்டார். அப்பாவுக்கு மட்டும் முகம் சரியில்லை. கூட்டி வந்த விருந்தாளிக்கு ஒரு மானைக் காட்ட முடியவில்லையே என்ற கவலை அவருக்கு.

மூன்றாம் நாள் விடியலில் எல்லோரும் கிளம்பினோம். நானும் போனேன். எப்படி அப்பா சம்மதித்தார் என்பது நினைவில்லை. கடைசி நாள் என்று அழுதிருப்பேன். ஓடை வளைகிற இடத்தில் ஒரு நீர்க்கிடங்கு. அதற்கு மேலே காளையின் முதுகு மாதிரி ஒரு பாறை. அப்பாவும் ஏஜென்டும் பாறையின் உச்சியில் குப்புறப் படுத்தார்கள், துப்பாக்கி ஏஜென்டின் கையில் இருந்தது. வழிகாட்டி என்னைக் கீழ்ப்பக்கத்தில், தண்ணீருக்கு நெருக்கமாக, ஒரு பிளவுக்குள் உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்தார். பாறை ஜில்லென்று இருந்தது. உண்ணிச்செடியின் நெடி. மேலிருந்து துப்பாக்கி எண்ணெயின் வாசனையும் இறங்கி வந்தது.

வெளிச்சம் வந்த கொஞ்ச நேரத்தில் ஒரு கடமான் தண்ணீருக்கு வந்தது. அது நின்ற இடத்துக்கும் பாறைக்கும் நடுவில் உண்ணிப்புதர் இருந்தது. உச்சியிலிருந்து பார்த்தால் அதன் முதுகும் கழுத்தும்தான் தெரிந்திருக்கும். நாங்கள் இருந்த இடத்திலிருந்து முழுதாகத் தெரிந்தது. தலையில் கொம்பு இல்லை. வயிற்றுக்குக் கீழே, நான்கு கால்களுக்கு நடுவில், நனைந்த மூக்கோடு ஒரு கன்று நின்றது.

லைசென்ஸில் கொம்புள்ள ஆணைத்தான் சுடலாம். அது எனக்கே தெரியும்.

மேலே துப்பாக்கிக் குழல் நகர்ந்தது. வழிகாட்டி அண்ணாந்து பார்த்து, உள்ளங்கையை விரித்து உயர்த்தினார். இரண்டு பேரும் கீழே பார்க்கவில்லை. அவர் மூச்சை இழுத்து ஒரு நொடி நிறுத்தினார். பிறகு இருமினார். ஒரே ஒரு தடவை, அடித்தொண்டையிலிருந்து.

அந்த வருடம் எனக்குக் கக்குவான் வந்து போயிருந்தது. இருமல் வருகிறவர்களுடைய முகம் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர் முகத்தில் அது எதுவும் இல்லை.

குளம்புச் சத்தம் கேட்டது. கிடங்கில் தண்ணீர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அப்பா பாறையிலிருந்து சறுக்கி இறங்கினார். "என்னப்பா இது? பீடி குடிக்கற ஆளா நீயி? மூணு நாளாக் காத்துக் கெடந்து ஒண்ணு வந்து நிக்குது, இப்பப் பார்த்தா இருமோணும்?"

"மன்னிச்சுப்போடுங்க எசமாங்க" என்றார் வழிகாட்டி. "தொண்டை அடக்கலீங்க."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, தலையை மிகச் சிறிதாக அசைத்தார். வேண்டாம் என்று. வேண்டுமென்றே இருமினார் என்று தெரிந்தால் அப்பா அவரை அடித்தேவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. நான் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பி மதியச் சாப்பாடு முடிவதற்குள் அந்தக் கடமானுக்குக் கொம்பு முளைத்துவிட்டது. ஏஜென்ட் இரண்டு கைகளையும் விரித்து அளவு காட்டினார். அப்பாவும், "பெரிய ஆணு. கழுத்தைப் பார்த்தாலே தெரிஞ்சுது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார்.

"அவ்வளவு பெரிய கொம்பா?" என்று சமையல்காரர் கேட்டார். "அப்ப அது நம்ம சட்டிக்குள்ள கொள்ளாதுங்க. போனதே நல்லது."

யாரும் சிரிக்கவில்லை.

ஜீப்பில் சாமான்களை ஏற்றியாயிற்று. ஏஜென்ட் வழிகாட்டியின் தோளைத் தட்டி ஒரு சிகரெட் டப்பாவைக் கொடுத்தார். வழிகாட்டி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அப்பாவின் கை சட்டைப்பைக்குள் போனது. மடித்த நோட்டு ஒன்று வந்தது, பெரிய நோட்டு. ஜீப்பின் மறைவுக்கு அவரைக் கூப்பிட்டு நீட்டினார். நான் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் எனக்குக் கீழே நின்றார்கள்.

வழிகாட்டி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "காசு வேண்டாமுங்க எசமாங்க. ஒரு எழுத்து மட்டும் எழுதிக் குடுங்க. ரேஞ்ச் ஆபீசுல கேக்கறாங்க. உங்க எழுத்து இருந்தா வாட்சர் வேலைக்கு எடுத்துக்குவாங்க."

அப்பா நீட்டிய நோட்டை மடக்கவில்லை. கோபமாக இல்லை, சங்கடமாகத்தான் இருந்தார்.

"என்னன்னு எழுதட்டும், சொல்லு. மூணு நாளு சுத்துனோம். கெடைச்ச ஒண்ணையும் நீ இருமி ஓட்டிப்போட்டே. காட்டுல நல்லா வேலை செய்யறவன்னு நானு எப்படிப்பா கையெழுத்துப் போடறது? பொய் எழுதற பழக்கம் எனக்கு இல்ல."

"மத்த ரெண்டு நாளு—"

"அதுக்குத்தான் காசு. உன்ற காலு நோவுக்கு. இந்தா, புடி."

"எழுத்து ஒண்ணு இருந்தாப் போதுமுங்க."

"காசு எவ்வளவு வேணும்னாலும் கேளு" என்றார் அப்பா. கேட்கிறவருக்குக் கொடுக்காத மனிதர், கேட்கச் சொல்லி நின்றார். அந்த ஒரு காகிதத்துக்கு மட்டும் அவர் கை போகவில்லை.

மூன்றாவது தடவையும் வழிகாட்டியின் கைகள் முன்னால் வரவில்லை. அப்பா நோட்டை வாசலில் கிடந்த ஆட்டுக்கல்லின் மேல் வைத்து, பறக்காமல் ஒரு கூழாங்கல்லைத் தூக்கி வைத்தார். ஜீப் கிளம்பியது. தோப்புத் தாண்டும்வரை நான் பின்னால் பார்த்துக்கொண்டே போனேன். வழிகாட்டி ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் நின்றார். குனியவில்லை.

வழி முழுக்க ஏஜென்ட் குறட்டை விட்டார். "காசு வேண்டாங்கறானே! அவ்வளவு ராங்கி" என்று அப்பா ஒரு தடவை சொன்னார்.  "எழுத்துக்கு அவருக்கு என்ன அவசரமோ, பாவம்" என்றார் சமையல்காரர். இருமலைப் பற்றி நான் சொல்லியிருக்கலாம். வழிகாட்டி தலையை அசைத்தது என் கண்ணிலேயே இருந்தது. சொன்னால் அவருக்குக் கெடுதல் என்றே அப்போதும் நினைத்தேன்.

அப்பாவின் கவலை வீண் என்பது ஒரு மாதத்தில் தெரிந்தது. ஏஜென்டின் ஆர்டர் வந்துவிட்டது. கூடவே ஒரு கடிதமும். காட்டுக்கோழிக் குழம்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தார். கடமானைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதன் பிறகு வேட்டை நின்றது. துப்பாக்கியை அப்பா ஒப்படைத்துவிட்டார். அந்தக் கோடையில் பிறந்த தம்பி வளர்ந்து பட்டறையைப் பார்த்துக்கொண்டான். நான் நாளிதழில் சேர்ந்தேன்.

தேங்காய் விலை பற்றிய ஒரு செய்திக்காகக் கிணத்துக்கடவு போனபோதுதான் அவரைத் திரும்பப் பார்த்தேன். எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. ஒரு களத்தில் ஏழெட்டுப் பேர் தரையில் நட்ட இரும்புக் கூரில் தேங்காய்களைக் குத்தி மட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் மட்டும் பாதத்தின் வெளி ஓரங்களை ஊன்றி நின்றார்.

நான் யார் என்று சொன்னதும், "அட, சின்ன அம்மணி!" என்று முகம் மலர்ந்தார். அப்பா சௌக்கியமா என்று கேட்டார். தம்பியா தங்கையா பிறந்தது என்று கேட்டார். நான் கேட்க வேண்டியதைக் கடைசியில்தான் கேட்டேன்.

"வாட்சர் வேலைங்களா? இல்லீங்க அம்மணி. இந்த ஊரு எழுத்து ஒண்ணும் இல்லாமப் போனனா, அனுப்பிப்போட்டாங்க. பொறவு இங்க வந்துட்டனுங்க. இதுவும் வேலைதானுங்களே." குழாயும் காகிதங்களும் கறையானுக்குப் போய்விட்டதாகச் சொன்னார். வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை, எனக்காகக்கூட மறைத்திருக்கலாம்.

கிளம்பும்போது என் கையில் ஒரு நோட்டு இருந்தது. எப்படி வந்தது என்று தெரியவில்லை. அப்பாவிடம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டவர், என்னிடம் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு அப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"கன்னு இருந்துச்சா?"

"இருந்துச்சுங்கப்பா."

"கொம்பு?"

"இல்லீங்க. பொட்டைங்க."

மடித்த பேப்பரை இன்னொரு தடவை மடித்தார். பிறகு, "அப்ப வேட்டைக்கு அவன் லாயக்கில்ல" என்றார். "வாட்சர் வேலைக்கு அவனை மாதிரி ஒரு ஆளு கெடைச்சிருக்க மாட்டான். அதை எழுதியிருப்பனே! அது பொய்யில்லையே." கொஞ்சம் கழித்து, "நீ ஏங்கண்ணு சொல்லல?" என்றார்.

"அவரு வேண்டாம்னு தலையை ஆட்டுனாருங்க."

"நானும் உன்னைய ஒரு வார்த்தை கேக்கலியே" என்றார்.

பட்டறையின் பழைய லெட்டர்பேடை எடுத்து வரச் சொன்னார். நான் எழுதுகிறேன் என்றதற்குச் சம்மதிக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாக அவரே எழுதினார். ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. தேதி என்ன போடுவது என்று யோசித்து, அன்றைய தேதியையே போட்டார். இந்த வயதில் அவருக்கு இது எந்த ஆபீசிலும் பயன்படாது என்று நான் சொன்னேன். "ஆபீசுக்கு நானு எழுதல" என்றார்.

மறுநாள் காலையில் கிளம்பினோம். கிணத்துக்கடவைத் தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் வரிசையாகக் கட்டிய சிமெண்ட் அட்டை வீடுகளில் ஒன்று அவருடையது. மகனோடும் மருமகளோடும் இருந்தார். மருமகள் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுவிட்டு மோர் கொண்டுவர உள்ளே போனார். வழிகாட்டி உட்காரவில்லை. அப்பாவும் எழுந்து நின்றுகொண்டார். இரண்டு கிழவர்களும் எதிரெதிரே நின்றார்கள்.

"நீங்க அன்னைக்குக் கேட்டீங்களே, அந்த எழுத்து" என்றார் அப்பா. அவரை அப்பா 'ங்க' போட்டுப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

வழிகாட்டி காகிதத்தை வாங்கி, தலைகீழாக இல்லை என்று அச்சடித்த பம்ப்செட் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, என்னிடம் நீட்டினார். "நீங்களே படிங்க அம்மணி."

படித்தேன். இவர் மூன்று நாள் காட்டில் எங்களுக்கு வழிகாட்டினார். மூன்றாம் நாள் காலையில் என் விருந்தாளி, கன்றோடு நின்ற பெண் கடமானை ஆண் என்று நினைத்துச் சுடப் போனார். அருகில் இருந்த நானும் கவனிக்கவில்லை. இவர் வேண்டுமென்றே இருமி அதைக் காப்பாற்றினார். அதைக் குற்றம் என்று நான் தவறாக நினைத்தேன். காட்டைக் காக்கிற வேலைக்கு—

வழிகாட்டி உள்ளங்கையை விரித்து உயர்த்தினார். நான் நிறுத்தினேன்.

"அந்த எடத்தை மட்டும் எடுத்துப்போடுங்க அம்மணி."

"எந்த எடத்தைங்க?"

"அந்தப் பொட்டையச் சுடப் போனாருங்கற எடமுங்க. இருமுனதுமுங்க."

"ஏனுங்க, அதுதானுங்களே முக்கியம்?" என்றார் அப்பா.

"அவரு உங்க ஊட்டுக்கு ஒரம்பரையா வந்தவருங்க. என்னைய நம்பிக் காட்டுக்குள்ள வந்தாரு. தப்பாச் சுடப் பார்த்தாருன்னு எழுத்துல இருந்தா அவருக்கு அசிங்கமில்லீங்களா? உங்களுக்குந்தான். அன்னைக்கே நாலு பேரு முன்னால சொல்லக் கூடாதுன்னுதானுங்க தொண்டைன்னு சொன்னேன். இத்தனை வருசம் கழிச்சு இப்ப எழுதி வச்சுக்கறதுங்களா?"

"அவரு செத்தே பதினஞ்சு வருசம் ஆச்சுங்க."

"இருக்கட்டுமுங்க எசமாங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் பேனாவைக் கொடுத்தேன். காகிதத்தை நாற்காலிக் கையில் வைத்து, குனிந்து, கவனமாக அடித்தார். ஒரு எழுத்துகூடத் தெரியாதபடி ஒவ்வொரு வரியாக, திரும்பத் திரும்ப. காட்டைக் காக்கிற வேலை பற்றிய வரியும் அதோடு போய், மேலே ஒரு வரிதான் மிஞ்சியது. கீழே ஒரு வரியை அப்பா புதிதாக எழுதினார். கையெழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கையெழுத்துப் போட்டார்.

மிஞ்சியதைப் படித்தேன். இவர் மூன்று நாள் காட்டில் எங்களுக்கு வழிகாட்டினார். கூடப் போன எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல் வீடு திரும்பினோம்.

"இது சரீங்க" என்றார் வழிகாட்டி. "இதுதானுங்க வேலை."

அப்பா காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தார். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மோர் தம்ளர்களோடு வந்த மருமகள், மாமனார் கையில் இருந்ததை எட்டிப் பார்த்தார். படித்த பெண். தட்டை வைத்துவிட்டுக் காகிதத்தை வாங்கி வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"மாமா, நடுவுல இத்தனை வரி அடிச்சிருக்குதே, என்னங்க இது?"

"அது ஒண்ணுமில்ல அம்மணி" என்றார் அவர். "இருமலு."